செக்‌ஷன் 8 வவுச்சர் வாடகை: சோதனையில் எது மாட்டும்?

கேள்வி: சிகாகோவில் 1960-ல் கட்டிய ரெண்டு பெட்ரூம் அபார்ட்மென்ட். செக்ஷன் 8 வவுச்சரோடு (வருமானம் குறைஞ்சவங்களுக்கு வாடகையில ஒரு பங்கை அமெரிக்க அரசு கட்டுற உதவி) ஒருத்தர் வாடகைக்குக் கேட்கிறார். இப்பவே சாவி கொடுத்துடலாமா?

பதில் 1: அவசரப்படாதீங்க. முதல்ல வாடகை ஒப்புதல் படிவத்தை, வவுச்சரை நடத்துற உள்ளூர் வீட்டுவசதி ஆணையத்துக்கு அனுப்புங்க. அவங்க வீட்டைச் சோதிப்பாங்க; அதுல தேறுறதுக்கு முந்தைய நாட்களுக்குப் பொதுவா அரசுப் பங்கு வராது.

பதில் 2: சின்ன விஷயத்துலதான் மாட்டும். புகை அலாரம் கத்தாது. சிங்க் பக்கத்து ஜிஎஃப்சிஐ பிளக்ல (மின்கசிவு வந்தா தானா கரண்டை நிறுத்துறது) டெஸ்ட் பட்டனை அமுக்கினா டிரிப் ஆகாது. 1978-க்கு முந்தைய கட்டடம், ஆறு வயசுக்குக் கீழ குழந்தை வருதுன்னா உரியுற பெயின்ட்டை விடவே மாட்டாங்க. ஜன்னல் விளிம்பைப் பாருங்க. பழைய பெயின்ட்ல ஈயம் இருக்கலாம்; நனைக்காம சுரண்டாதீங்க, ஈயத்தூள் பறக்கும்.

பதில் 3: ஒப்பந்த வாடகைக்கு மேல குடிவர்றவர்கிட்ட தனியா கையில வாங்கினா மோசடி. வவுச்சர்ங்கிறதுக்காக வீடு தர மறுக்கவும் முடியாது. சிகாகோ இருக்குற இல்லினாய்ல 2023-லிருந்து மாநிலச் சட்டமே தடுக்குது.