நடுவர் இல்லாத ஆட்டத்தில் ‘அவுட்’ யார் சொல்வது?

மூணாவதுகேம்:
பாட்மிண்டன் டபுள்ஸ் ஆடுகிறோம், நடுவர் கிடையாது. ஷட்டில் பின்கோட்டை ஒட்டி விழுந்தால் நெட்டுக்கு அந்தப் பக்கத்திலிருந்தே “உள்ளே” என்று சத்தம் வருகிறது. இந்தப் பக்கம் பார்ட்னர்கள் இரண்டு பேருக்குள்ளேயே ஒத்துப்போவதில்லை. யார் சொல்வது செல்லும்? பக்கத்துக் கோர்ட் ஷட்டில் உள்ளே வந்தால் எப்போது ‘லெட்’ (புள்ளி யாருக்கும் இல்லை, மறுபடி ஆடுவது) கேட்கலாம்? ஸ்மாஷ் உடம்பில் பட்டால் அடித்தவர் மன்னிப்புக் கேட்க வேண்டுமா?

பின்கோடு:
யார் பக்கம் விழுகிறதோ அவர்கள் சொல்வதுதான். நெட்டுக்கு அப்பாலிருந்து 40 மி.மீ. அகலக் கோட்டைச் சரியாகக் கணிக்க முடியாது. பக்கக் கோடு என்றால், இருவரில் கோட்டின் நீளவாக்கில் பார்ப்பவர் கண்ணை நம்புங்கள்.

பார்க்க வேண்டியது கார்க், அதாவது ஷட்டிலின் உருண்டை முனை, முதலில் தொட்ட இடம். பின்கோட்டை நோக்கி உயரமாக அடிக்கும் ‘கிளியர்’ கிட்டத்தட்ட செங்குத்தாக இறங்கும். கார்க் கோட்டைத் தொட்டுத் துள்ளும், இறகுப் பகுதி வெளியே சாய்ந்து கிடக்கும். கிடக்கிற இடத்தைக் காட்டி ‘அவுட்’ கேட்பதில்தான் பாதித் தகராறு. கோட்டில் துளி பட்டாலும் உள்ளேதான். டபுள்ஸ் சர்வுக்கு மட்டும் பின் எல்லை 76 செ.மீ. முன்னால் இருக்கும் கோடு. இதை மறந்தவர்களும் உண்டு.

ஷட்டில் பறக்கும்போதே பார்ட்னரிடம் “விடு” என்று கத்துவது தீர்ப்பு ஆகாது, வெறும் யோசனை. உள்ளே விழுந்தால் புள்ளி போச்சு. விழுந்த உடனே சொல்லுங்கள். சரியாகத் தெரியவில்லையா, புள்ளி எதிரணிக்கு.

நெட்ஓரம்:
அந்தக் கடைசி வரி எனக்கு ஒப்பவில்லை. கோட்டு நடுவருக்குப் பார்வை மறைந்து, நடுவராலும் முடிவெடுக்க முடியாவிட்டால் விதிப்படியே லெட் தான். இரண்டில் எது என்று ஆட்டத்துக்கு முன்பே பேசிக்கொள்ளுங்கள். 19-19ல் பேச ஆரம்பித்தால் முடியாது.

பக்கத்து ஷட்டில் வந்தால், பார்த்த கணமே சத்தமாக “லெட்!” யார் வேண்டுமானாலும் சொல்லலாம், காலடியில் கிடப்பதை மிதித்தால் கணுக்கால் பிசகும். தன் அடி நெட்டில் மாட்டிய பிறகு ஞாபகம் வந்து கேட்பது அழகில்லை. உங்கள் ஷட்டில் அங்கே போனால் அவர்கள் ராலி முடியும்வரை நில்லுங்கள்.

உடம்புக்கு அடிப்பது முறையான அடிதான். கையை உயர்த்தி ஒரு “சாரி”, அவ்வளவு போதும். நெட்டில் உரசி உருண்டு விழுந்து கிடைத்த புள்ளிக்கும் அதே. பட்டவர் கோர்ட்டுக்கு வெளியே நின்றிருந்தாலும் புள்ளி அவருக்குப் போகாது.

ராக்கெட் நெட்டில் பட்டது, ஷட்டில் சட்டையில் உரசியது: இவை பட்டவருக்கு மட்டுமே தெரியும், அவரே சொல்ல வேண்டும். ஃபிரேமில் பட்டுப் போனால் தப்பே இல்லை, அதைச் சொல்லத் தேவையில்லை.

மூணாவதுகேம்:
நன்றி. ஷட்டில் மாற்றுவதற்கு?

பின்கோடு:
எதிரணியிடம் காட்டி, அவர்களும் சரி என்றால் மாற்றுங்கள். இறகு நுனியை வெளியே மடித்தால் வேகம் குறையும், உள்ளே மடித்தால் கூடும். ஆட்டத்தின் நடுவே வேண்டுமென்றே அப்படிச் செய்வது விதிமீறல். சர்வ் போடுபவருக்கு ஷட்டிலை நெட்டுக்கு மேலே, கைக்கு எட்டும்படி அனுப்புங்கள். நெட்டுக்கு அடியில் காலால் தள்ளிவிட்டால் இறகும் முறியும், எதிரில் இருப்பவரின் பொறுமையும் முறியும்.