அரை மணி நேர மழைக்கே போர்டிகோவில் தண்ணீர், உதவுங்கள்

செம்பருத்தி12: அவசரம். நேற்று அரை மணி நேர மழைதான், போர்டிகோவில் கணுக்கால் தண்ணீர். பிளம்பர் கம்பி விட்டுப் பார்த்து அடைப்பே இல்லை என்கிறார். இன்று இரவும் மழையாம். என்ன செய்ய?

கொத்தனார்மகன்: எந்த ஊர்? எந்தக் குழாயில் கம்பி விட்டார்? மாடித் தண்ணீர் எங்கே போய் விழுகிறது?

பழையவீடு: ரோடுதான். தார் மேல் தார் போட்டு எங்கள் வாசல் இரண்டு படி கீழே போய்விட்டது.

நிலமட்டம்: ஐப்பசி பிறந்தால் போதும், இதே கேள்வி. புரட்டாசியில் திறந்து பார்க்க வேண்டியதை மழை வந்தபிறகு கேட்டால் எப்படி? மழைநீர் சேகரிப்புக் குழி இருக்கிறதா என்றாவது தெரியுமா?

செம்பருத்தி12: மன்னிக்கவும். சென்னை, மடிப்பாக்கம். மாடிக் குழாயில் மட்டும்தான் கம்பி விட்டார். தண்ணீர் குழிக்குப் போகிறது. 2003-ல் கட்டாயம் என்றபோது அப்பா போட்டது. திறந்ததே இல்லை.

நிலமட்டம்: அப்படிப் போடுங்கள்! மாடித் தூசியெல்லாம் குழிக்குள் இருக்கும் மணலில் இறங்கி மேலே சேறாகப் படிந்திருக்கும், தண்ணீர் எப்படி இறங்கும்? மேல் மணலை மாற்றுங்கள், ஜல்லியை எடுத்துக் கழுவிப் போடுங்கள். அந்தப் பக்கம் பல இடங்களில் களிமண் வேறு.

பழையவீடு: ரோடு மேடானால் எந்தக் குழியும் தாங்காது.

நிலமட்டம்: பழைய தாரைச் சுரண்டிவிட்டுத்தான் புதிது போட வேண்டும் என்று 2021-லேயே அரசு உத்தரவு இருக்கிறதே.

பழையவீடு: உத்தரவு காகிதத்தில் இருக்கிறது சார். வந்து என் வாசலைப் பாருங்கள்.

கொத்தனார்மகன்: சண்டை அப்புறம். செம்பருத்தி, மழை இல்லாதபோது மாடியிலிருந்து நாலைந்து வாளி ஊற்றுங்கள். தெரு காய்ந்திருக்கும்போதே குழி நிரம்பினால் கோளாறு வீட்டுக்குள். மழையில் மட்டும், அதுவும் தெருப் பக்கமிருந்து ஏறினால் பழையவீடு சொல்வது சரி. குழியிலிருந்து உபரிநீர் வெளியேறும் குழாய் உண்டா, அதன் வாயையும் பாருங்கள். அவசரத்துக்குச் சாக்கடைச் சேம்பரில் மட்டும் இணைத்துவிடாதீர்கள். பெருமழையில் கழிவறை வழியாகத் திரும்பி வரும்.

மாடித்தோட்டம்: என் வீட்டில் மாடிக் குழாய் வாயில் வேப்பிலை அடைத்திருந்தது. வலை போட்டேன், சரியாகிவிட்டது.

நிலமட்டம்: அவருக்கு நிரம்புவது போர்டிகோ. மாடி இல்லை.

செம்பருத்தி12: நாலாவது வாளியிலேயே குழி நிரம்பிவிட்டது. திறந்தோம், ஒரு முழத்துக்குச் சேறு. உபரிநீர்க் குழாய் வாயைப் போன வருடம் டைல்ஸ் போட்டவர் சிமெண்டால் பூசிவிட்டிருக்கிறார். இப்போதைக்கு உடைத்துவிட்டோம். தூறல் ஆரம்பித்துவிட்டது, மீதி நாளை.

பழையவீடு: ரோடு எவ்வளவு மேடு என்று அளந்தீர்களா?