வாரத்தில் சில மணி நேரமே கிடைக்கும் ஒருவர் ஈவ் ஆன்லைனை நிறைவாக ஆட முடியுமா?

தொலைவான் கேட்டது:

அனைவருக்கும் வணக்கம். ஈவ் ஆன்லைன் என்ற விண்வெளி இணைய விளையாட்டில் அண்மையில்தான் கட்டணமில்லாத ஆல்ஃபா கணக்கு ஒன்றைத் தொடங்கினேன். தொடக்கப் பயிற்சியை முடித்து, பணி தரும் கணினிப் பாத்திரமான ஏஜென்ட் ஒருவரிடம் முதல் நிலை மிஷன்கள் சிலவற்றைச் செய்து, சிறிய ஃப்ரிகேட் ஒன்றை ஓட்டிப் பழகிக்கொண்டிருக்கிறேன். சீனாவுக்கென இயங்கும் தனி சர்வரை விட்டால் மற்றவர்கள் அனைவரும் ஒரே அண்டத்தில் இருக்கிறார்கள் என்பதும், சந்தைக்கு வரும் கப்பல்களில் பெரும்பாலானவற்றை யாரோ ஓர் ஆட்டக்காரர்தான் கட்டியிருக்கிறார் என்பதும் என்னை மிகவும் ஈர்த்துவிட்டன. விட்டுவிட மனமில்லை.

என் தயக்கமெல்லாம் நேரத்தைப் பற்றியது. வேலையும் குடும்பமும் போக, வாரத்தில் மூன்று நான்கு இரவுகளில் ஒவ்வொரு மணி நேரம் கிடைக்கும். அதிலும் எப்போது பாதியில் எழ நேரும் என்று சொல்ல முடியாது. இந்த விளையாட்டோ 2003 மே மாதத்தில் வெளியானது. அன்று முதல் ஆடிவருபவர்கள் பறக்கும் அதே வானத்தில் நானும் பறக்க வேண்டும். இப்படிப்பட்ட ஒருவர் அவர்களை எட்டிப்பிடிக்க முடியுமா, ஒரு மணி நேரத்துக்குள் முழுமையாகச் செய்து முடிக்கக்கூடியவை எவை, கார்ப்பரேஷன் என்ற ஆட்டக்காரர் குழு ஒன்றில் சேர்ந்தே ஆக வேண்டுமா என்பவற்றை அனுபவமுள்ளவர்கள் விளக்கினால் நன்றியுடையவனாக இருப்பேன்.

மெல்லோட்டம் எழுதிய பதில்:

எட்டிப்பிடிக்க வேண்டிய தேவையே பெரும்பாலும் இல்லை என்பது என் உறுதியான கருத்து. அதற்கான காரணம் ஸ்கில் கணக்கிலேயே இருக்கிறது. இங்கே ஸ்கில் வளர்வது நீங்கள் எத்தனை எதிரிகளைச் சுட்டீர்கள் என்பதைப் பொறுத்ததல்ல. வரிசையில் போட்டுவிட்டுப் போனால், நீங்கள் உறங்கும்போதும் வேலையில் இருக்கும்போதும் அது நிஜ நேரத்தில் வளர்ந்துகொண்டே இருக்கும். இன்ஜெக்டர் என்ற பொருளை வாங்கி ஸ்கில் புள்ளிகளை ஏற்றிக்கொள்பவர்கள் இருக்கிறார்கள் என்பது உண்மைதான். அதைத் தவிர்த்துப் பார்த்தால், நாள் முழுதும் ஆடுபவரும் வாரத்துக்கு நான்கு மணி நேரம் ஆடுபவரும் ஸ்கில் பயிற்சியில் ஏறக்குறைய சமமானவர்களே. நேரமில்லாதவர்களுக்கு இதைவிட நியாயமான ஏற்பாட்டை வேறெந்த ஆன்லைன் விளையாட்டிலும் நான் பார்த்ததில்லை.

அடுத்ததாக, ஒவ்வொரு ஸ்கில்லுக்கும் ஐந்து நிலைகள் உண்டு. மிக எளிய வகை ஸ்கில் ஒன்றில் நான்காம் நிலையை அடைய மொத்தம் 45,255 புள்ளிகள் போதும். ஐந்தாம் நிலைக்கு மொத்தம் 2,56,000 புள்ளிகள் தேவைப்படும். ஆனால் ஒவ்வொரு நிலையும் தரும் பலன் பெரும்பாலும் ஒரே அளவுதான். அதாவது, மொத்த உழைப்பில் ஐந்தில் ஒரு பங்குக்கும் குறைவான நேரத்திலேயே பலனில் ஐந்தில் நான்கு பங்கு கைக்கு வந்துவிடுகிறது. ஆகவே, உங்கள் கப்பலுக்கு வேண்டிய எல்லாவற்றையும் முதலில் நான்காம் நிலை வரை ஏற்றுங்கள். ஐந்தாம் நிலை கட்டாயமாகத் தேவைப்படும், டெக் 2 எனப்படும் மேம்பட்ட ஆயுதங்களையும் கப்பல்களையும் பிறகு பார்த்துக்கொள்ளலாம்.

எவராயினும் ஒரு பாத்திரத்தைக் கொண்டு ஒரு நேரத்தில் ஒரு கப்பலைத்தான் ஓட்ட முடியும் என்பதையும் மறந்துவிடாதீர்கள். இருபது ஆண்டு அனுபவமுள்ளவர் ஃப்ரிகேட்டில் ஏறி அமர்ந்தால், டைட்டன் என்ற மிகப் பெரிய கப்பல் வகைக்காக அவர் சேர்த்துவைத்திருக்கும் ஸ்கில்கள் அங்கே எந்த உதவியும் செய்யப்போவதில்லை. ஃப்ரிகேட்டுக்குரிய ஸ்கில்களில் மட்டுமே அவரோடு நீங்கள் மோதுகிறீர்கள். அந்த இடைவெளியைச் சில மாதங்களில் பெருமளவு குறைத்துவிடலாம். எஞ்சி நிற்பது அறிவின் இடைவெளி: எந்தக் கப்பல் எவ்வளவு தூரத்திலிருந்து தாக்கும், எதைக் கண்டால் ஓட வேண்டும், எப்போது நின்று மோத வேண்டும் என்பவை. அதைப் பெற ஆடித்தான் ஆக வேண்டும்; ஆனால் அதற்கும் மணிக்கணக்கு முக்கியமல்ல, ஒவ்வொரு தோல்விக்குப் பிறகும் என்ன நடந்தது என்று பதிவைத் திறந்து பார்க்கும் பழக்கமே முக்கியம்.

கலமோட்டி எழுதிய பதில்:

மேலே உள்ள பதிலை முழுமையாக ஏற்கிறேன். ஒரு மணி நேரத்துக்குள் என்ன செய்யலாம் என்ற கேள்விக்கு மட்டும் நான் வருகிறேன்.

உங்கள் நிலையில் இருப்பவருக்கு முதலில் பரிந்துரைப்பது எக்ஸ்ப்ளோரேஷன்தான். ஹெரான், மேக்னேட், இமிக்கஸ், ப்ரோப் ஆகிய நான்கு ஃப்ரிகேட்களில் உங்கள் பாத்திரத்தின் இனத்துக்குரியதை எடுத்து, ஸ்கேன் செய்ய உதவும் ப்ரோப் லாஞ்சரையும் ஹேக்கிங் கருவிகளையும் பொருத்திக்கொண்டு புறப்பட வேண்டியதுதான். விண்மீன் மண்டலத்துக்குள் நுழைந்ததும் ஸ்கேன் செய்து, ரெலிக் (தொல்பொருள்) அல்லது டேட்டா (தரவு) தளத்தைக் கண்டுபிடித்து, பெட்டிகளைத் திறந்து, கிடைத்ததை எடுத்துக்கொண்டு நகரலாம். கப்பல் மலிவானது, கிடைக்கும் பொருள்களோ இடத்தை அடைக்காதவை, நல்ல விலைக்குப் போகக்கூடியவை. ஒரு மணி நேரத்தில் சில தளங்களை முடிக்கலாம். நேரம் முடிந்துவிட்டால் நிலையத்துக்குத் திரும்ப வேண்டும் என்ற கட்டாயம்கூட இல்லை. இரண்டு இடங்களுக்கு நடுவே வார்ப் என்ற அதிவேகப் பயணத்தில் செல்லும்போதே அந்த இடத்தை புக்மார்க் செய்து, பிறகு அங்கே வந்து நின்று, பாதுகாப்பான லாகாஃப் கொடுத்தால் முப்பது விநாடியில் கப்பல் மறைந்துவிடும். அடுத்த முறை லாகின் செய்யும்போது அதே புள்ளியிலிருந்து தொடரலாம்.

நீங்கள் குறிப்பிட்ட, பாதியில் எழ நேரும் நிலைமைக்கு லாகாஃப் விதிகளை முன்கூட்டியே தெரிந்துவைத்திருப்பது மிக அவசியம். யாரோடும் மோதாத நிலையில் திரையை மூடினால், கப்பல் தானாகவே ஒரு மூலைக்கு வார்ப்பாகிச் சுமார் ஒரு நிமிடத்தில் மறைந்துவிடும். கணினி எதிரிகளோடு சண்டையிட்டிருந்தால் ஐந்து நிமிடமும், இன்னோர் ஆட்டக்காரரைத் தாக்கியிருந்தால் பதினைந்து நிமிடமும் அது வெளியிலேயே நிற்கும். தேடிவருபவர் அதை அழித்துவிடலாம். எனவே எழ வேண்டி வரலாம் என்று தெரிந்த இரவுகளில் சண்டையைத் தொடங்காதீர்கள்.

அபிசல் களங்களைப் பற்றி இருவேறு கருத்துகள் உண்டு. 2018இல் வந்த இந்தக் களங்களில் ஃபிலமென்ட் என்ற நுழைவுப் பொருள் ஒன்றைப் பயன்படுத்தி நுழைந்தால் அடுத்தடுத்து மூன்று அறைகள் இருக்கும். மூன்றையும் இருபது நிமிடத்துக்குள் முடித்து வெளியே வந்துவிட வேண்டும். தொடக்கமும் முடிவும் தெளிவாக இருப்பதால் நேரம் குறைந்தவர்களுக்கு இது ஏற்றது என்று பலர் சொல்வார்கள். ஆனால் இருபது நிமிடம் கடந்துவிட்டால் கப்பலும் அதற்குள் உங்களைத் தாங்கியிருக்கும் கேப்சூலும் சேர்ந்தே அழியும். குழந்தை அழுதாலும் கதவு தட்டப்பட்டாலும் நடுவில் நிறுத்தவே முடியாது. யாரும் கூப்பிடமாட்டார்கள் என்று உறுதியாகத் தெரிந்த வேளைக்கு மட்டுமே இதை வைத்துக்கொள்ளுங்கள்.

மிஷன்களைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. ஏற்றுக்கொண்ட மிஷனை முடிக்க வழக்கமாக ஒரு வாரம் அவகாசம் இருக்கும் என்பதால் இன்று பாதி, நாளை மீதி என்று ஆடலாம்.

நீங்கள் இல்லாதபோதும் நடக்கும் தொழில்களும் உண்டு. சந்தையில் இடும் ஆர்டர்கள் அதிகபட்சம் 90 நாள்கள் நிற்கும். கோள்களில் அமைக்கும் அகழ்வுக் கருவிகளை ஒரு மணி நேரத்திலிருந்து பதினான்கு நாள்கள் வரை ஓடும்படி அமைக்கலாம். குறுகிய கால ஓட்டம் மணிக்கு அதிக விளைச்சல் தரும் என்பதால் அடிக்கடி வந்து மாற்றும் ஆசை எழும். அந்த ஆசைக்கு இடம் கொடுக்காதீர்கள். வாரம் ஒரு முறை பார்க்கும்படி நீண்ட கால ஓட்டமாக வைத்து, விளைச்சல் குறைவதை ஏற்றுக்கொள்பவர்தான் இதில் நிம்மதியாக இருக்க முடியும். கிடைக்கும் ஒரு மணி நேரத்தில் முக்கால் மணி நேரம் கோள்களை மாற்றி மாற்றிச் சொடுக்குவதிலேயே கழிந்தால், பறப்பதற்கு எதுவும் மிஞ்சாது.

ஊதாப் படை எழுதிய பதில்:

கலமோட்டி சொன்னவை அனைத்தும் தனியாக ஆடுபவருக்கானவை. இந்த விளையாட்டின் உயிர் மற்ற மனிதர்களிடம்தான் இருக்கிறது என்று நான் நம்புவதால், கார்ப்பரேஷன் பற்றிய கேள்விக்கு விரிவாகப் பதில் சொல்ல விரும்புகிறேன்.

செய்திகளில் வரும் பெரும்போர்களைப் பார்த்துத்தான் பலர் உள்ளே வருகிறார்கள். 2014 ஜனவரியில் பி-ஆர்5ஆர்பி மண்டலத்தில் நடந்த போர் ஏறக்குறைய ஒரு நாள் நீடித்தது. 75 டைட்டன்கள் அழிந்தன. அதைப் போன்ற போர்களில் சர்வரின் சுமையைத் தாங்குவதற்காக விளையாட்டின் நேரமே பத்தில் ஒரு பங்கு வேகத்துக்குக் குறைக்கப்படும். ஒரு நிமிடத்தில் நடக்க வேண்டியது பத்து நிமிடம் எடுக்கும் என்றால், ஒரு மணி நேரம் மட்டுமே உள்ளவர் அங்கே எதையும் காணப்போவதில்லை. காவல் படை இல்லாத நல்செக் வான்பரப்பை ஆளும் பெரிய அலையன்ஸ்கள் (கார்ப்பரேஷன்களின் கூட்டணிகள்) சிலவற்றில், மாதத்துக்கு இத்தனை ஃப்ளீட்களில் (கூட்டாகப் பறக்கும் படைகளில்) கலந்துகொள்ள வேண்டும் என்ற எதிர்பார்ப்பும் உண்டு. சேர்வதற்கு முன்பே இதை நேரடியாகக் கேட்டுவிடுங்கள். "வருகைக் கணக்கு பார்ப்பீர்களா?" என்ற ஒரு கேள்வி பின்னால் வரும் மனக்கசப்பைத் தவிர்க்கும்.

உங்களுக்கு ஏற்றவை வேறு இரண்டு. முதலாவது, கற்பிப்பதற்கென்றே இயங்கும் குழுக்கள். ஈவ் யுனிவர்சிட்டி 2004 முதல் புதியவர்களுக்குப் பாடம் நடத்திவருகிறது. அதன் விக்கி எல்லாருக்கும் திறந்திருக்கிறது. குழுவில் சேராவிட்டாலும், ஆட முடியாத வேளைகளில் அந்த விக்கியைப் படிப்பது நல்ல பலன் தரும். இரண்டாவது, என்பிஎஸ்ஐ (NPSI, "ஊதா இல்லையேல் சுடு") ஃப்ளீட்கள். எந்தக் கார்ப்பரேஷனைச் சேர்ந்தவரும் அன்றைய ஃப்ளீட்டில் இணைந்துகொள்ளலாம். உடன் வருபவர்கள் திரையில் ஊதா நிறத்தில் தெரிவார்கள். ஊதாவாகத் தெரியாத எவரும் எதிரி. இணையும்போதே எந்தக் கப்பல், எந்த ஃபிட்டிங் (கருவிகளின் பொருத்தம்) என்று சொல்லிவிடுவார்கள். புதியவர்கள் மலிவான ஃப்ரிகேட்டில் எதிரிக் கப்பலைப் பிடித்து நிறுத்தும் வேலையைச் செய்தாலே போதும், அது உண்மையான உதவி. ஃப்ளீட் கலைந்த பிறகு யாருக்கும் எந்தக் கடமையும் கிடையாது.

இவை தவிர, நான்கு பேரரசுகளுக்கிடையே நடக்கும் ஃபேக்ஷன் வார்ஃபேரில் சிறிய கப்பல்கள் மட்டுமே நுழையக்கூடிய களங்கள் இருக்கின்றன. அங்கே பெரிய கப்பலால் நசுக்கப்படும் அச்சம் குறைவு. உங்களைப் போன்ற ஃப்ரிகேட்டோடு நேருக்கு நேர் மோதலாம். தோற்றால் மீண்டும் வாங்கிக்கொள்ளக்கூடிய விலையில் உள்ள கப்பலை மட்டும் எடுத்துச் செல்ல வேண்டும் என்ற பழைய விதி இங்கே இன்னும் பொருத்தமாக இருக்கும். ஒரே ஃபிட்டிங்கில் பத்துக் கப்பல்களை முன்கூட்டியே வாங்கி நிலையத்தில் அடுக்கிவைத்துவிட்டால், கிடைக்கும் நேரம் கடைகளில் கரையாமல் வானத்தில் கழியும்.

தொலைவான் மீண்டும் எழுதியது:

மூவருக்கும் மனமார்ந்த நன்றி. எக்ஸ்ப்ளோரேஷனில் தொடங்கி, பிறகு என்பிஎஸ்ஐ ஃப்ளீட் ஒன்றில் இணைந்து பார்க்கலாம் என்று முடிவு செய்திருக்கிறேன். இன்னும் இரண்டு ஐயங்கள். கட்டணம் செலுத்தி ஒமேகாவாக மாறுவது எப்போது பயனளிக்கும்? விளையாட்டின் நாணயமான ஐஎஸ்கேயைச் சம்பாதித்தே, ஒமேகா காலமாக மாற்றிக்கொள்ளக்கூடிய பிளெக்ஸைச் சந்தையில் வாங்கி ஒமேகாவைத் தொடர்பவர்கள் உண்டு என்று கேள்விப்பட்டேன். அது எனக்குச் சாத்தியமா? மேலும், காவல் படையுள்ள ஹைசெக் பகுதியில் ஆட்டோபைலட்டைப் போட்டுவிட்டு வேறு வேலையைப் பார்க்கலாமா?

மெல்லோட்டம் எழுதிய பதில்:

முதல் ஐயத்துக்கு: ஆல்ஃபாவின் பயிற்சி வேகம் ஒமேகாவின் வேகத்தில் பாதி, 50 லட்சம் ஸ்கில் புள்ளிகளை எட்டியதும் பயிற்சி நின்றுவிடும். நீங்கள் விரும்பிய இரண்டு வேலைகளுக்கும் அந்த 50 லட்சம் தாராளமாகப் போதும். எனவே எல்லையை எட்டும் வரையிலோ, உங்களுக்கு மிகவும் பிடித்த ஒரு கப்பல் ஒமேகாவுக்கு மட்டுமே உரியது என்று தெரியும் வரையிலோ பணம் செலுத்த வேண்டியதில்லை. அப்போதும் ஓராண்டுக்கு மொத்தமாகக் கட்டாமல் ஒரு மாதத்துக்கு மட்டும் எடுத்துப் பாருங்கள்.

பிளெக்ஸ் விஷயத்தில் என் பதில் வேண்டாம் என்பதே. ஒரு மாத ஒமேகாவுக்கு 500 பிளெக்ஸ் வேண்டும். வாரத்தில் நான்கு மணி நேரம் ஆடும் புதியவர் அதை ஐஎஸ்கே கொண்டு வாங்க முயன்றால், விரும்பி ஆட வேண்டிய ஒவ்வொரு மணி நேரமும் தவணை கட்டும் நேரமாக மாறிவிடும். சில மாதங்களிலேயே சலித்து வெளியேறியவர்களை நான் பார்த்திருக்கிறேன். நல்ல ஆட்டக்காரர்களை இந்த விளையாட்டு இப்படி இழப்பது எனக்கு உண்மையிலேயே வருத்தம் தருகிறது. வசதி இருந்தால் பணம் கொடுத்து எடுங்கள்; இல்லையென்றால் ஆல்ஃபாவாகவே இருங்கள்.

ஆட்டோபைலட், மண்டலங்களை இணைக்கும் வாயிலான ஸ்டார்கேட்டுக்கு அருகில் நேராகச் சென்று இறங்காமல், சற்றுத் தொலைவில் நின்று மெல்ல ஊர்ந்துதான் போய்ச் சேரும். அந்த இடைவெளியில் யார் வேண்டுமானாலும் உங்களைச் சுடலாம். ஹைசெக்கில் கான்கார்ட் காவல் படை தாக்கியவரைக் கட்டாயம் அழிக்கும். ஆனால் அது வந்து சேர்வதற்குள் நீங்கள் அழிந்திருக்கலாம். மண்டலத்தின் பாதுகாப்பு அளவு 1.0இலிருந்து 0.5ஐ நோக்கிக் குறையக் குறைய அது வருவதற்கு எடுக்கும் நேரமும் கூடும். சரக்கில் விலையுயர்ந்த எதுவும் இல்லாத வெற்றுக் கப்பலை நகர்த்துவதற்கு மட்டும் ஆட்டோபைலட்டைப் பயன்படுத்துங்கள். எக்ஸ்ப்ளோரேஷனில் கிடைத்ததை முக்கிய வணிக மையமான ஜிட்டா சந்தைக்கு எடுத்துச் செல்லும் நாளில், ஒவ்வொரு ஸ்டார்கேட்டையும் உங்கள் கையாலேயே தாண்டிச் செல்லுங்கள்.