மறு: ஃப்ளக்ஸ் பின்னிங் – "ஊசியிடல்" வேண்டாங்க, "முளையடிப்பு" எப்படி?

அண்ணா வணக்கம். தடையே இல்லாம கரண்ட் கடத்தற சூப்பர்கண்டக்டருக்கு "மீகடத்தி", அதுக்குள்ள காந்தப்புலம் சுழலா நிக்கற வோர்டெக்ஸுக்கு "சுழி"ன்னு நீங்க சொன்ன தமிழ்ச்சொல் ரெண்டும் எனக்குச் சம்மதம்தான். ஆனா அந்தச் சுழிய நகராமப் பிடிச்சு நிறுத்தற ஃப்ளக்ஸ் பின்னிங்குக்கு நீங்க "ஊசியிடல்"னு போட்டிருக்கறதப் பாத்ததும் எனக்கு ஆஸ்பத்திரி நெனப்புதான் வருது.

அங்க நடக்கறதப் பாத்துட்டுப் பேர் வெப்போங்க. 1987ல வந்த இட்ரியம் பேரியம் காப்பர் ஆக்சைடு 93 கெல்வின் வாக்குலயே மீகடத்தியாயிடும், 77ல கொதிக்கற திரவ நைட்ரஜனே அதக் குளிர வெக்கப் போதும். ஆனா பலமான காந்தத்துக்குள்ள வெச்சா காந்தப்புலம் சின்னச் சின்னச் சுழியா உள்ள எறங்கிரும், கரண்ட் விட்டா அந்தச் சுழிகளப் பக்கவாட்டுல தள்ளும், அதுக நகர ஆரம்பிச்சா வோல்டேஜ் வரும், சூடு வரும், தடையே இல்லைன்னு நாம பீத்திக்கிட்டதெல்லாம் போச்சு. அதனால பேரியம் ஜிர்கோனேட் துகள வேணும்னே கலந்து விடறாங்க, சுழி அதுல மாட்டி நின்னுக்கும். பழுதே இல்லாத படிகத்தவிட இந்த அழுக்குப் படிகம் கூடுதல் கரண்ட் தாங்குது, எனக்கு இதுதான் பெரிய ஆச்சரியம்.

எங்க பாலக்காட்டுக் கொழிஞ்சாம்பாறைப் பக்கம் காட்டுல முளைக்குச்சி அடிச்சு ஆட்டக் கட்டுவோம். பக்கத்துக் காட்டு கடலைச்செடி ஆட்ட இழுக்கும், முளை விடாது. மழை பேஞ்சு மண்ணு நெகுந்துட்டா ஆடு முளையோட போயிரும், அப்பறம் அந்தக் காட்டுக்காரர்கிட்ட எங்கப்பா வாங்கின பேச்ச இங்க எழுத முடியாதுங்க. சுழியும் அப்படித்தான், சூடு ஏற ஏறப் பிடி விட்டுப்போயிரும், கரண்ட் ஒரு அளவத் தாண்டினாலும் பிச்சுக்கும்.

"தறி"ன்னும் யோசிச்சேன், கட்டுத்தறி நல்ல சொல்லுதான், ஆனா கொங்குக்காரங்களுக்குத் தறின்னா நெசவுதான். "தளை"ன்னா வெண்பாக்காரங்க வந்துருவாங்க. வெறும் "முளை"ன்னா பயிர் முளைக்கறது, மலையாளத்துல முளன்னா மூங்கில், ஆடு கட்டறத அவங்க குற்றிம்பாங்க. ஆனா "முளையடிப்பு"ன்னு சொல்லிட்டா கொழப்பமில்ல, பயிர யாரும் சுத்தியல்ல அடிக்கறதில்லையே. சுழி முளையடிப்பு, முளையடிச்ச சுழி, முளை பிடுங்குற கரண்ட், எல்லாம் வரும் பாருங்க.

இன்னொண்ணு, பிஸ்மத் சேர்ந்த காப்பர் ஆக்சைடு மீகடத்தில சுழி ஒரே கம்பியா நிக்காது, அடுக்கடுக்கா தட்டு தட்டாப் பிரிஞ்சு ஒண்ணு மேல ஒண்ணு வழுக்கும், ஒரு தட்டுக்கு முளையடிச்சா மத்தது நிக்காது. இங்கிலீஷ்ல பான்கேக்னுதான் பேர் வெச்சிருக்காங்க. நான் "தோசைச்சுழி"ன்னு போட்டா அடிக்க வருவீங்களா?