ஸ்லிம்முக்கு மாறினேன், தமிழ் வரியின் முன்னால் < குறி வந்து நிற்கிறது

கேள்வி:
வாடகை ரசீது போட நானே எழுதிய சின்ன ரெயில்ஸ் (ரூபி மொழியின் வெப் ஃபிரேம்வொர்க்) ஆப், பக்கங்களுக்கான வியூ கோப்பு முப்பதுகூடத் தேறாது. எச்டிஎம்எல்லுக்குள் ரூபி எழுதும் ஈஆர்பி (ERB) டெம்ப்ளேட்டில் <% %> போட்டுப் போட்டு, எந்த எண்ட் எந்த இஃப்புக்கு உரியது என்று தேடித் தேடி அலுத்துப்போய், போன வாரம் ஸ்லிம்முக்கு (மூடும் டேக் இல்லாமல், வரியை உள்தள்ளி எழுதும் டெம்ப்ளேட் மொழி) மாற உட்கார்ந்தேன். ஜெம்ஃபைலில் (ஆப்புக்கு வேண்டிய ஜெம்கள், அதாவது ரூபி நூலகங்களின் பட்டியல்) ஸ்லிம் சேர்த்து பண்டில் இன்ஸ்டால் ஓட்டியாச்சு, முகப்புப் பக்கமும் வருகிறது. ஆனால் "வணக்கம் நண்பர்களே" என்று எழுதிய வரி திரையில் "<வணக்கம்>நண்பர்களே" என்று நிற்கிறது! லேஅவுட்டில் (எல்லாப் பக்கத்துக்கும் பொதுவான சட்டகம்) என்ன மாற்றினாலும் பிரவுசரில் பழையதுதான் தெரிகிறது. ஸ்காஃபோல்ட் (கோப்புகளைத் தானே உருவாக்கித் தரும் ரெயில்ஸ் கட்டளை) போட்டால் இன்னும் ஈஆர்பி கோப்புதான் பிறக்கிறது. எதை விட்டேன்?

பதில் 1:
ஸ்லிம்முக்கு வரியின் முதல் சொல் என்றாலே அது எச்டிஎம்எல் டேக். ஆங்கிலமா தமிழா என்றெல்லாம் அது பார்ப்பதில்லை, அதனால் "வணக்கம்" என்ற பெயரில் உங்களுக்கு ஒரு டேக் செய்து கொடுத்துவிட்டது. டேக் பெயர் ஆங்கில எழுத்தில் தொடங்கவில்லை என்பதால் பிரவுசர் அதை வெறும் எழுத்தாகக் காட்டுகிறது. ஒரு விதத்தில் நல்லதுதான், ஆங்கிலத்தில் எழுதியிருந்தால் முதல் சொல் சத்தமில்லாமல் காணாமல் போயிருக்கும், அதைக் கண்டுபிடிக்க எனக்கு ஒரு முறை அரை நாள் போனது. வெறும் உரை வரிக்கு முன்னால் | குறி போடுங்கள், அல்லது டேக் பெயருக்குப் பக்கத்திலேயே உரையை எழுதுங்கள். தமிழ் வாக்கியங்களை எல்லாம் லொகேல் கோப்புக்கு (மொழிவாரியான வாக்கியங்களைத் தனியே வைக்கும் கோப்பு) நகர்த்திவிட்டால் இந்தப் பேச்சே வராது.

பதில் 2:
லேஅவுட் விஷயம்: பழைய ஈஆர்பி லேஅவுட் அதே ஃபோல்டரில் இன்னும் உட்கார்ந்திருக்கும், பாருங்கள். ஒரே பெயரில் இரண்டும் இருந்தால் ரெயில்ஸ் ஈஆர்பியைத்தான் முதலில் எடுக்கும். அதை அழித்தால் சரியாகிவிடும். ஸ்காஃபோல்டுக்கு ஸ்லிம்-ரெயில்ஸ் என்ற ஜெம்மையும் சேர்க்க வேண்டும். ஸ்லிம் ஜெம் மட்டும் இருந்தால் பக்கம் காட்டும், ஸ்லிம் கோப்புகளை உருவாக்கும் ஜெனரேட்டர் அந்தத் துணை ஜெம்மிலிருந்துதான் வருகிறது.

பதில் 3:
எனக்கு இந்த மோகம் புரியவில்லை. ஈஆர்பி ரூபியோடே வருகிறது, எந்த ஜெம்மும் வேண்டாம். எங்கள் டீமில் டிசைன் பார்ப்பவருக்கு எச்டிஎம்எல் மட்டும்தான் தெரியும், ஸ்லிம் மாதிரியே உள்தள்ளி எழுதும் ஹாமல் வைத்திருந்த காலத்தில் இரண்டு ஸ்பேஸ் தள்ளிப்போனதற்காக என்னைப் பத்து முறை கூப்பிட்டிருப்பார். தனி ஆள் என்றால் மாறுங்கள், இல்லையென்றால் யோசியுங்கள்.

பதில் 1:
டீம் என்றால் அது நியாயம்தான். ஆனால் ஸ்லிம்மில் < என்று தொடங்கும் வரியை அப்படியே எச்டிஎம்எல்லாக எடுத்துக்கொள்ளும், அவர் கொடுத்ததை ஒட்டிவிட்டு நேரம் கிடைக்கும்போது மாற்றலாம். முப்பதையும் ஒரே நாளில் மாற்றவும் வேண்டாம், ஸ்லிம் லேஅவுட்டுக்குள் ஈஆர்பி பார்ஷியல் (பக்கத்தின் ஒரு துண்டுக்கான கோப்பு) தாராளமாக ஓடும்.

கேள்வி கேட்டவர்:
பழைய லேஅவுட் அங்கேயேதான் இருந்தது அண்ணா, அழித்தேன், வந்துவிட்டது. நன்றி. இப்போது "திருத்து", "நீக்கு" இரண்டு லிங்க்கும் ஒட்டிக்கொண்டு "திருத்துநீக்கு" என்று நிற்கின்றன. ஈஆர்பியில் இப்படி இல்லையே?

பதில் 2:
ஈஆர்பியில் நீங்கள் அடித்த எண்டர் இடைவெளியாகத் தெரிந்தது, ஸ்லிம் அதை விழுங்கிவிடும். முதல் லிங்க்கில் = க்குப் பதில் => போடுங்கள், பின்னால் ஓர் இடைவெளி வரும். நேரடி டேக்காக எழுதியிருந்தால் டேக் பெயரோடு > ஒட்டினால் போதும். அவசரத்தில் == போட்டுவிடாதீர்கள், அது எஸ்கேப் செய்யாமல் (< போன்ற குறிகளை வெறும் எழுத்தாக்காமல்) அப்படியே கொட்டும், குடியிருப்பவர் பெயர்க் கட்டத்தில் யாராவது ஸ்கிரிப்ட் எழுதி வைத்தால் அது ஓடும். அப்புறம் ரசீதை வெறும் உரை மெயிலாகவும் அனுப்புகிறீர்களா? அந்த ஒரு கோப்பை ஈஆர்பியிலேயே விட்டுவிடுங்கள், டேக்கே இல்லாத இடத்தில் ஒவ்வொரு வரிக்கும் | போட்டுக்கொண்டிருப்பது வீண் வேலை.

கேள்வி கேட்டவர்:
அனுப்புகிறேன். நேற்று ராத்திரிதான் அதையும் மாற்றி வைத்தேன். கிட்டில் (பழைய பதிப்புகளைச் சேமித்து வைக்கும் git) பழையது இருக்கிறது, எடுத்துப் போட்டுவிடுகிறேன்.