மன்னார்குடி – சிங்கப்பூர் சொந்தங்கள் (வாட்ஸ்அப் குழு)

விஜயா சித்தி (மன்னார்குடி): பிரபுவுக்குச் சிங்கப்பூரில் வேலை கிடைத்துவிட்டது! மாதம் 5,800 வெள்ளி (சிங்கப்பூர் டாலர்). தையில் கல்யாணம், மாசியில் இருவரும் கிளம்புகிறார்கள். பெண் வீட்டாரிடமும் சொல்லிவிட்டோம்.

சாந்தி அத்தை (யீஷூன்): பழனியாண்டவா! வயிறு குளிர்ந்தது அண்ணி.

செந்தில்: விருந்து எங்கே?

பெரியப்பா: நான் ராஜுலா கப்பலில் வாந்தி எடுத்துக்கொண்டே வந்தவன். இவனுக்குத் திருச்சியிலிருந்து நான்கு மணி நேரம்.

செந்தில்: மாமா, கப்பல் நூறாவது முறையாகக் கரை சேர்ந்தது.

கவிதா: வேலை அனுமதியில் எந்த பாஸ் சித்தி?

விஜயா சித்தி: எம்ப்ளாய்மெண்ட் பாஸ்தான். 5,600 இருந்தால் போதுமாமே?

முத்து சித்தப்பா (உட்லண்ட்ஸ்): விளக்கமாகச் சொல்கிறேன், பொறுமையாகப் படியுங்கள். 2025 ஜனவரியிலிருந்து குறைந்தது 5,600 வெள்ளி. நிதித்துறை என்றால் 6,200. ஆனால் அது 23 வயதுக்காரருக்கு. வயது ஏற ஏறத் தொகையும் ஏறும், 45 வயதில் 10,700. அதைத் தாண்டினாலும் காம்பஸ் என்று ஒரு மதிப்பெண் முறை இருக்கிறது. 40 எடுக்க வேண்டும். சம்பளம், படிப்பு, நிறுவனத்தில் எந்த நாட்டார் எத்தனை பேர், உள்ளூர்க்காரர் எத்தனை பேர் என்று நான்கு, ஒவ்வொன்றுக்கும் அதிகபட்சம் 20. இன்னும் இருக்கிறது, சாப்பிட்டுவிட்டு வருகிறேன்.

சாந்தி அத்தை: பிரபுவுக்கு 29தானே?

விஜயா சித்தி: ஜாதகப்படி 29.

கவிதா: பாஸ்போர்ட்படி?

விஜயா சித்தி: 31. பள்ளிக்கூடத்தில் சேர்த்தபோது பெரிய அத்தான்தான் வயதைக் கூட்டிக் கொடுத்தார்.

பெரியப்பா: வாத்தியார் சேர்க்கமாட்டேன் என்றார். பிள்ளை படிக்கட்டும் என்று செய்தேன். அன்று யாரும் வாய் திறக்கவில்லை.

கவிதா: பெரியப்பாவைக் குறை சொல்லாதீர்கள். 29 என்றாலும் 5,800 எட்டாது. அதற்கு அடுத்த படியில் உள்ள எஸ் பாஸ் என்ற வேலை அனுமதிக்குத்தான் போட முடியும். அதற்குக் காம்பஸ் இல்லை. ஆனால் நிறுவனத்துக்கு வெளிநாட்டு ஆள் எடுக்க ஒதுக்கீடு இருக்க வேண்டும், அந்த ஆளுக்காக அரசுக்குத் தீர்வையும் மாதம் 650 வெள்ளி கட்ட வேண்டும்.

சாந்தி அத்தை: ஏதோ ஒரு பாஸ். மருமகள் வந்தால் சரி.

கவிதா: அதுதான் சிக்கல் அத்தை. இந்த இரண்டில் எந்த பாஸாக இருந்தாலும் மனைவியை டிபென்டன்ட் பாஸில் அழைக்க 6,000 வேண்டும்.

செந்தில்: 200 வெள்ளிக்காகவா?

விஜயா சித்தி: ஐயோ. சம்பந்தியிடம் என்ன சொல்வேன்?

சாந்தி அத்தை: அண்ணி, வரும்போது நார்த்தங்காய் ஊறுகாய் கொடுத்துவிடுங்கள்.

செந்தில்: கம்பெனி 6,000 என்று காட்டட்டும், பிரபு மாதாமாதம் 200ஐக் கையில் திருப்பிக் கொடுக்கட்டும்.

கவிதா: இதைக் குழுவில் எழுதாதே. பொய்ச் சம்பளம் காட்டினால் 20,000 வெள்ளி வரை அபராதம் அல்லது இரண்டு ஆண்டு வரை சிறை, இரண்டுமேகூட.

செந்தில்: விளையாட்டுக்குச் சொன்னேன்.

சாந்தி அத்தை: உன் விளையாட்டால்தான் அந்தப் பழைய வேன் நம் வாசலில் நிற்கிறது.

முத்து சித்தப்பா: வந்துவிட்டேன். சம்பளத்தோடு தரும் படிகளில் மாதாமாதம் மாறாமல் வருவது அந்த 6,000 கணக்கில் சேரும். போனஸ், ஓவர்டைம் சேராது. வீட்டுப்படி என்று 200 சேர்த்து ஒப்பந்தத்தில் எழுதித் தர முடியுமா என்று பிரபு கேட்கட்டும். இன்னொன்று, 2021 மே மாதத்திலிருந்து டிபென்டன்ட் பாஸில் வருபவர் வேலைக்குப் போக வேண்டுமானால் தனியாக வேலை அனுமதி வேண்டும். பெண் என்ன படித்திருக்கிறாள்?

விஜயா சித்தி: எம்.எஸ்சி. பிரபுவை நாளை கேட்கச் சொல்கிறேன். கூச்சப்படுவான்.

கவிதா: ஒப்பந்தத்தைப் படம் எடுத்து எனக்குத் தனியாக அனுப்புங்கள் சித்தி.

விஜயா சித்தி: சரி. சாந்தி, அடுத்த மாதம் வரும்போது கோடாலித் தைலம் ஆறு.

சாந்தி அத்தை: போன முறை வாங்கியது?

பெரியப்பா: கல்யாணப் பத்திரிகையில் வயது போடுவதில்லை அல்லவா?