அம்மாவுக்கு ஆஸ்டியோபொரோசிஸ் (எலும்பு மெலிந்து எளிதில் முறியும் நோய்), மாத்திரை ஒத்துக்கொள்ளவில்லை: எந்த ஊசிக்கு மாறலாம்?

அம்மாவுக்கு வயது 64. மாதவிடாய் 43லேயே நின்றுவிட்டது. போன வருடம் லேசாக வழுக்கிக் கையை ஊன்றியதற்கே மணிக்கட்டு முறிந்தது. எலும்பின் அடர்த்தியை அளக்கும் டெக்ஸா ஸ்கேனில் டி-ஸ்கோர் (ஆரோக்கியமான இளம் வயது எலும்போடு ஒப்பிடும் அளவு) முதுகெலும்பில் -3.1, இடுப்பில் -2.6. (-2.5 அல்லது அதற்குக் கீழே வந்தாலே ஆஸ்டியோபொரோசிஸ்தான்.) உயரமும் குறைந்திருக்கிறது, கைக்கு எட்டிய மேல்தட்டு டப்பா இப்போது எட்டுவதில்லை.

வாரம் ஒருமுறை எலும்புக்கான அலெண்ட்ரோனேட் 70 மி.கி. மாத்திரை கொடுத்தோம். வெறும் வயிற்றில், ஒரு டம்ளர் தண்ணீரோடு, அரை மணி நேரம் படுக்காமல், எல்லாம் சொன்னபடிதான். அப்படியும் நெஞ்செரிச்சல். விழுங்கும்போது வலி வந்ததும் டாக்டரே நிறுத்தச் சொல்லிவிட்டார். கால்சியம், வைட்டமின் டி தொடர்கிறது. கிட்னி, தைராய்டு, பாராதைராய்டு எதிலும் கோளாறில்லை.

இப்போது இரண்டு வழி சொல்கிறார்கள். வருடத்துக்கு ஒருமுறை நரம்பில் ஏற்றும் சோலெட்ரோனிக் அமிலம். இல்லையென்றால் ஆறு மாதத்துக்கு ஒருமுறை தோலுக்கடியில் போடும் டெனோசுமாப். முதலாவதில் காய்ச்சல், உடம்புவலி வரலாம், அதைச் சமாளித்துவிடலாம். டெனோசுமாபை நடுவில் விட்டால் முதுகெலும்பு முறியும் அபாயம் கூடுமாம். தேதி தவறாமல் ஊசி போட அம்மா வருவாரா என்பதே சந்தேகம்!

மாத்திரை ஒத்துக்கொள்ளாமல் இந்த இரண்டில் ஒன்றுக்கு மாறியவர்கள், எதைத் தேர்ந்தெடுத்தீர்கள், ஏன்?